நியாயாதிபதி பிராண்டைஸும் அவருடைய மாணாக்கரும்

சட்டக் கலாசாலையில் தேறிப் பட்டம் பெற்று வெளிவரும் வாலிபன் மறுநாளே வழக்காடும் ஆற்றல் உடையவனாகி விடுகிறானோ என்னும் வினா, சட்டக் கல்வி ஏற்பட்ட காலந்தொட்டு அறிஞர் மனத்தில் எழுந்து வருவதொன்றாகும். நூல்களைக் கற்றவன் சட்டத்தின் விதிகளை அறிவான். ஆயினும், கட்சிக்காரன் கண்ணீரோடு கூறும் கதையினின்று வழக்குக்கு வேண்டிய உண்மையைப் பிரித்தெடுப்பதும், எதிர்க்கட்சியின் நியாயத்தை முன்னரே உணர்ந்து கொள்வதும், வழக்காடுவதைவிடச் சமாதானமாய்ப் போவதே நலமென்று தக்க சமயத்தில் எடுத்துரைப்பதும் நூலிற் காணக்கிடையா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் நம் முன்னோர் மொழி இத்தொழிலுக்கு மிகவும் பொருந்தும்.

இக்குறையை நீக்கும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவர் ஆஸ்பத்திரியில் தங்கிப் பழகுவது போல, பட்டம் பெற்ற இளம் வக்கீல்களை ஓராண்டுக் காலம் அநுபவம் மிக்கோரிடம் அமர்த்திப் பழக்குவதே அது. நியாயாதிபதிகள் தம் அறையில் அவர்களை அமர்த்திக் கொள்கின்றனர். வழக்கறிஞர் ஸ்தாபனங்களும் அவ்வாறே செய்கின்றன. இவ்வழக்கத்தை முதலில் மாணாக்கனாகவும் பின்னர் ஆசானாகவும் இருபுறமும் நின்று அறிந்தவர்களுள் தலைசிறந்தவர் லூயிஸ் டெம்பிட்ஸ் பிராண்டைஸ் ஆவார். அவருடைய சரித்திரத்தை, முக்கியமாக இவ்விஷயத்தைப் பற்றிய அளவிலே, இங்கே சுருக்கமாக எழுத முற்படுகிறோம்.

பிறப்பும் இளமையும்

பிராண்டைஸின் பெற்றோர் பொஹீமியா நாட்டுப் பிராகா நகரத்து யூத குலத்தினர். 1848-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவெங்கும் எழுந்த அரசியற் கிளர்ச்சிகள் தோல்வியுற்ற பின், சுதந்தர வாழ்வை நாடி அவர்கள் அமெரிக்காவிற் குடியேறினர். தந்தையாராகிய அடால்ப் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த லூயிவில் நகரத்தில் தானிய வியாபாரம் செய்து செல்வமும் நன்மதிப்பும் அடைந்தார். அவருக்குப் பிறந்த மக்கள் நால்வருள் இளையவராக லூயிஸ் 1856-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 13-ஆம் தேதி தோன்றினார்.

கென்டக்கி அக்காலத்தில் அடிமைகளை வைத்தாளும் மாகாணமாயிருந்தது. பிராண்டைஸ் குடும்பத்தாரோ அடிமைத்தனத்தை வெறுத்தவர்கள். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது லூயிஸ் நான்கு வயதுச் சிறுவர். வடநாட்டுச் சேனையைச் சேர்ந்த போர்வீரருக்குத் தம் தாயார் உணவு கொண்டு சென்ற காட்சி அவர் மனத்தில் முதிய வயது வரையில் மறையாதிருந்தது. தாயாரின் சகோதரராகிய லூயிஸ் டெம்பிட்ஸ் என்பவர் பல மொழிகளில் வல்லவர். வக்கீல் தொழில் புரிந்தவர். 1860-இல் ஆபிரகாம் லிங்கனை ஜனாதிபதி பதவிக்கு வேட்பாளராகத் தெரிந்தெடுத்த மகாநாட்டிலே பிரதிநிதியாயிருந்தவர். சிறுவர் அம்மாமனிடம் கொண்ட பக்தி எத்தகையதெனில், பெற்றோர் இட்ட டேவிட் என்னும் நடுப்பெயரை நீக்கி, மாமனின் குடும்பப் பெயராகிய டெம்பிட்ஸ் என்பதைத் தம் பெயரிற் சேர்த்துக் கொண்டார். சட்டத்தையே தம் தொழிலாகக் கொள்ள வேண்டுமென்னும் ஆவலும் அம்மாமனைக் கண்டே அவருள்ளத்தில் முளைத்தது.

ஹார்வர்ட் கலாசாலையில்

1872-இல் குடும்பத்தார் ஐரோப்பாவுக்கு யாத்திரை சென்றனர். லூயிஸ் ஜெர்மானிய தேசத்து டிரெஸ்டன் நகரத்துப் பள்ளியொன்றிற் பயின்று, 1875-இல் தாய்நாடு திரும்பி, கலைப் பட்டம் ஏதும் பெறாமலேயே, பதினெட்டாம் வயதில் ஹார்வர்ட் சட்டக் கலாசாலையிற் சேர்ந்தார்.

அக்காலத்துச் சட்டக் கல்வியின் நிலையை இங்கே சிறிது விளக்க வேண்டும். அதற்கு முன்னெல்லாம் அமெரிக்காவில் வக்கீலாக விரும்பிய வாலிபர் பெரும்பாலும் கலாசாலையை நாடவில்லை. ஊரிலுள்ள வக்கீல் ஒருவரின் காரியாலயத்திற் சேர்ந்து, பத்திரங்களைப் பிரதி செய்து, ஓய்வு நேரத்தில் அங்குள்ள சட்டப் புத்தகங்களைப் படித்து, சில ஆண்டுகளிற் பரீக்ஷை கொடுத்து வெளிவருவர். நல்ல ஆசான் வாய்த்தவன் சிறந்த வக்கீலானான். வாய்க்காதவன் ஊதியமில்லாத குமாஸ்தாவாகவே காலங்கழித்தான். 1870-இல் ஹார்வர்ட் சட்டக் கலாசாலையின் தலைவராக வந்த லாங்டெல் என்பவர் புதிய முறையொன்றைப் புகுத்தினார். விதிகளை ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை விடுத்து, நியாயஸ்தலங்களின் தீர்ப்புகளையே மாணவர் கையிற் கொடுத்து, வினாமேல் வினா எழுப்பி, அவற்றிலுள்ள தத்துவத்தை அவர்களே கண்டறியும்படி செய்தார். இம்முறை மாணவருடைய அறிவைக் கூர்மைப்படுத்தியது. ஆயினும் பழைய காரியாலயத்தில் இருந்த ஒன்று இதில் இல்லாமற் போயிற்று. அதாவது, உயிருள்ள கட்சிக்காரரையும் முடிவுறாத வழக்குகளையும் மாணவர் கண்ணாற் காணும் வாய்ப்பு நீங்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையே ஏற்பட்ட பள்ளத்தை நிரப்புவதற்கே ஓராண்டுப் பயிற்சி என்னும் ஏற்பாடு தோன்றிற்றெனலாம்.

லாங்டெல்லின் முறை பிராண்டைஸுக்குத் தேன்போல் இனித்தது. ஆனால் விளக்கொளியில் இடைவிடாது படித்தமையால் அவர் கண்கள் கெட்டன. படிப்பைக் குறைத்துச் சிந்தனையைப் பெருக்கும்படி மருத்துவர் கூறினார். அவர் அதற்கு மனந்தளராமல், உடன் பயின்ற தோழர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கேட்டவற்றை நினைவில் நிறுத்தும் வன்மையை வளர்த்துக் கொண்டார். தந்தையாரின் வியாபாரம் நொடித்துப் போனமையால் தமையனாரிடம் கடன் பெற்றும், பிற மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தும் செலவை நடத்தினார். 1877-இல் தம் வகுப்பிலே முதல்வராகத் தேறினார். அவருக்கு அப்பொழுது இருபது வயதே ஆகியிருந்தது. பட்டம் பெறுவதற்கோ இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டுமென்பது விதி. கலாசாலை அதிகாரிகள் அவர் பொருட்டு அவ்விதியைத் தளர்த்திப் பட்டமளித்தனர். பின்னும் ஓராண்டு அங்கேயே தங்கி மேற்படிப்புப் படித்தார்.

இரு ஆசான்கள்

1878-ஆம் வருஷத்தின் இறுதியில், தம் தமக்கையார் வாழ்ந்த செயின்ட் லூயிஸ் நகரத்திலே, ஜேம்ஸ் டாஸிக் என்னும் வக்கீலின் காரியாலயத்தில் பிராண்டைஸ் அமர்ந்தார். கலாசாலையில் ஈடிணையற்று விளங்கிய அவருக்கு அங்கே கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேலைகளே. ஓராண்டு நிறையுமுன்னரே அவ்விடத்தை விட்டு நீங்கினார். இதனை வாசிக்கும் இளைஞர் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு காரியாலயத்தில் நாற்காலி கிடைத்த மாத்திரத்திற் பயிற்சி கிடைத்ததாகாது. கற்பிக்க ஒருவர் மனங்கொள்ளாத இடத்தில், கூர்த்த மதியுள்ளவனும் காலத்தைக் கழிப்பானேயன்றிக் கல்வியைப் பெறான்.

ஹார்வர்டில் அவருக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பெற்ற சாமுவேல் வாரன் என்னும் தோழர், பாஸ்டன் நகரத்தில் இருவரும் கூடித் தொழில் நடத்தலாமென்று அவரை அழைத்தார். 1879-ஆம் வருஷம் வாரன் - பிராண்டைஸ் ஸ்தாபனம் தொடங்கிற்று. புதிய வக்கீல்களுக்கு வழக்குகள் உடனே வந்து குவிவதில்லை. அச்சமயத்தில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தின் பிரதம நியாயாதிபதியாகிய ஹாரெஸ் கிரே என்பவர் பிராண்டைஸைத் தமது காரியதரிசியாக அமர்த்திக் கொண்டார்.

கிரே என்பவரே இவ்வழக்கத்தின் தந்தை எனப்படுபவர். 1875-ஆம் வருஷந்தொட்டு, ஹார்வர்டில் முதன்மையாகத் தேறிய மாணவரைத் தம்மிடம் சில காலம் வைத்துப் பழக்கும் ஏற்பாட்டை அவர் செய்திருந்தார். அங்கே ஆசிரியராயிருந்த அவருடைய சகோதரர் ஜான் சிப்மன் கிரே தக்க மாணவரைத் தெரிந்து அனுப்புவார். 1882-இல் நாட்டின் உச்ச நியாயஸ்தலத்துக்குச் சென்ற பின்னும் கிரே இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அரசாங்கம் பொருளுதவி செய்யாதிருந்த ஆரம்ப ஆண்டுகளில் தம் கைப்பணத்தினின்றே சம்பளம் அளித்தார். 1886-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, உச்ச நியாயாதிபதி ஒவ்வொருவருக்கும் எழுத்துவேலைக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ள வருஷத்துக்கு 1,600 டாலர் ஒதுக்கிற்று.

கிரேயின் அறையிலே பிராண்டைஸ் கண்டது டாஸிக்கின் காரியாலயத்திற் காணாதது. வயதில் முதிர்ந்தவரும் மாகாணத்தின் நியாயபீடத்திலே தலைமை வகித்தவருமான அப்பெரியார், வழக்குக் கட்டுகளை இளைஞர் முன்னே விரித்து வைத்து, அவருடைய கருத்தை முதலிற் கேட்பார். பின்னர்த் தம் கருத்தைக் கூறி, அதிலுள்ள குற்றங்களை எடுத்துக்காட்டும்படி ஏவுவார். இருவரும் சரிநிகரானவர் போல வாதிப்பர். தீர்ப்பு எழுதப்படுமுன் எத்தனை முறை புடமிடப்படுகிறது என்பதை அந்த இளம் வக்கீல் அங்கே அறிந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தாமே நியாயாதிபதியாய் அமர்ந்தபோது இப்பாடத்தை அவர் மறக்கவில்லை.

வக்கீல் ஸ்தாபனத்தின் தலைவர்

பாஸ்டனில் ஸ்தாபனம் விரைந்து வளர்ந்தது. 1888-இல் வாரனின் தந்தையார் காலஞ்செல்லவே, குடும்பத்தின் காகித வியாபாரத்தை ஏற்று நடத்தும்பொருட்டு அவர் தொழிலினின்றும் விலகினார். ஆயினும் இருவரும் சேர்ந்து 1890-இல் வெளியிட்ட கட்டுரை, தனி மனிதனுடைய அந்தரங்க வாழ்வையும் சட்டம் காத்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு அஸ்திவாரமாயிற்று. பிராண்டைஸ் 1891-இல் ஆலிஸ் கோல்ட்மார்க் என்னும் நங்கையை மணந்து இரு பெண் மக்களுக்குத் தந்தையானார்.

தம் ஸ்தாபனத்துக்குப் புதிய பட்டதாரிகளைச் சேர்ப்பதில் அவர் மிகுந்த கருத்துடையவராயிருந்தார். ஹார்வர்டிலிருந்து நேரே வந்த டன்பார், நட்டர், மக்லென்னன் முதலியோர் அவரிடம் இளம் வக்கீல்களாக அமர்ந்து, நாளடைவிற் பங்காளிகளாயினர். 1897-இல் ஸ்தாபனத்தின் பெயரே பிராண்டைஸ், டன்பார், நட்டர் என்று மாற்றப்பட்டது. அவர்களை அவர் எவ்வாறு நடத்தினாரென்பதற்கு, 1893-இல் டன்பாருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதமே சான்றாகும். புத்தக அறையிலேயே அடைந்து கிடந்த அவ்விளைஞருக்கு, சட்டத்தில் தேர்ச்சி இருந்தால் மட்டும் போதாதென்றும், கட்சிக்காரரின் தொழிலையும் மனப்போக்கையும் அவர்களோடு பழகியே அறிய வேண்டுமென்றும், உண்மைச் செய்திகளைத் தெளிவாக அறிந்தவனிடத்திலேதான் பிறருக்கு நம்பிக்கை பிறக்குமென்றும் அதில் அன்போடு இடித்துரைத்தார். அவருடைய அறையிலே கம்பளமும் இல்லை, சாய்வு நாற்காலியும் இல்லை. குளிர்காலத்திலும் அனல் மிகுதியாய் மூட்டப்படுவதில்லை. வந்தவர் காரியத்தைச் சொல்லி விரைந்து எழுந்து செல்ல வேண்டுமென்பதே அவர் நோக்கம்.

செல்வம் சேர்ந்தபோது அவர் அதற்கு அடிமையாகவில்லை. பொதுநன்மைக்கான வழக்குகளில் கூலி பெறுவதில்லை என்று விரதம் பூண்டார். அதனாற் பங்காளிகளுக்கு நஷ்டம் நேரலாகாதென்று, அவ்வழக்குகளில் தாம் செலவிட்ட நேரத்துக்குரிய தொகையைத் தம் சொந்தப் பணத்தினின்று ஸ்தாபனத்துக்குச் செலுத்தினார். ஏழைத் தொழிலாளர் குறைந்த செலவில் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பெறும்படி சேமிப்பு பாங்கிகளின் வழியாக ஓர் ஏற்பாட்டை வகுத்து, 1907-இல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் அதைச் சட்டமாக்கச் செய்தார்.

1908-இல் நடந்த ஒரு வழக்கு அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. சலவைச் சாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பெண்களை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாதென்று ஆரிகன் மாகாணம் விதித்த சட்டம் செல்லுமா என்பதே அவ்வழக்கு. பிராண்டைஸ் தாக்கல் செய்த வாதப் பத்திரம் நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் சட்ட வாதம் இரண்டொரு பக்கங்களே. எஞ்சியவை யாவும் நீண்ட நேர உழைப்பாற் பெண்களின் உடல் நலம் கெடுவதைப் பற்றிப் பல தேசத்து மருத்துவரும் தொழிற்சாலை அதிகாரிகளும் எழுதிய அறிக்கைகளின் தொகுப்பு. மனைவியாரின் சகோதரியாகிய ஜோஸபின் கோல்ட்மார்க் அவற்றைத் தேடித் திரட்டினார். நியாயாதிபதிகள் ஒருமனதாய் அச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தனர். டன்பாருக்கு உரைத்த பாடத்தைத் தாமே செய்து காட்டினார் பிராண்டைஸ்.

நியாயபீடத்தில்

1916-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 28-ஆம் தேதி ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் பிராண்டைஸை உச்ச நியாயஸ்தலத்துக்கு நியமித்தார். யூதர் ஒருவர் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டது அதுவே முதன்முறை. பெருஞ் செல்வரும் ரயில்வே முதலாளிகளும் வக்கீல் சங்கத்தின் பழைய தலைவர் பலரும் எதிர்த்து நின்றனர். நான்கு மாதம் விசாரணையும் விவாதமும் நடந்த பின், ஜூன் மாதம் முதல் தேதி ஸெனட் சபையார் 47 வாக்குகளுக்கு 22 வாக்குகள் என்னும் கணக்கில் நியமனத்தை உறுதிப்படுத்தினர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்பீடத்தில் அமர்ந்திருந்தார். பேச்சுச் சுதந்தரத்தைப் பற்றி 1927-இலும், போலீஸார் தொலைபேசிக் கம்பிகளில் ஒற்றுக் கேட்பதைப் பற்றி 1928-இலும் அவர் எழுதிய கருத்துரைகள் சட்ட மாணவரால் இன்றும் படிக்கப்படுகின்றன. பின்னதிலே அவர் மாறுபட்டு நின்று எழுதியது, நெடுநாட் சென்று, 1967-இல் அந்நியாயஸ்தலமே ஏற்றுக்கொண்ட கொள்கைக்கு வழிகாட்டிற்று.

நியாயாதிபதியான அவ்வருஷந்தொடங்கி, ஹார்வர்டினின்று பட்டதாரி ஒருவரை வரவழைத்து ஓராண்டுக் காலம் வைத்துக் கொண்டார். அங்கே பேராசிரியராயிருந்த பீலிக்ஸ் பிராங்பர்ட்டர் என்னும் நண்பரிடம் மாணவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை ஒப்புவித்தார். வருபவரை முன்னதாகப் பார்க்கவும் அவர் விரும்பவில்லை. நண்பரின் சொல்லே அவருக்குப் போதுமானதாயிருந்தது. முதலில் வந்தவர் கால்வர்ட் மக்ரூடர். ஒருவருக்குப் பின் ஒருவராக ஏறத்தாழ இருபதின்மர் அவ்வாறு வந்தனர்.

அவர்களுடைய வேலை எளிதன்று. பிராண்டைஸ் தம் தீர்ப்பைத் தாமே எழுதுவார். அதை வரிவரியாய்ச் சோதித்துப் பிழை காண்பதே இளைஞரின் கடமை. அச்சுக்குப் போய் வந்த தாளைத் திருத்தி மீண்டும் அச்சுக்கு அனுப்புவதும், திரும்பி வந்ததை மறுபடியும் திருத்துவதுமாகப் பன்முறை நடக்கும். சட்டப் புத்தகங்களை மட்டுமன்றி, வழக்குக்கு அடிநிலையான உலக நடைமுறையையும் ஆராய வேண்டும். 1924-இல் நெப்ராஸ்கா மாகாணத்தில் ரொட்டியின் எடையைப் பற்றி விதிக்கப்பட்ட சட்டமொன்று விசாரணைக்கு வந்தது. ரொட்டி எவ்வாறு சுடப்படுகிறது, வெப்பத்திலும் காற்றிலும் அதன் எடை எவ்வளவு குறைகிறது, எடையில் ஏமாற்றும் வியாபாரியால் நேர்மையுள்ளவன் எங்ஙனம் கெடுகிறான் என்பவற்றையெல்லாம் திரட்டி அடிக்குறிப்புகளாக அமைத்தே பிராண்டைஸ் தம் மாறுபட்ட கருத்துரையை எழுதினார். இத்தகைய வேலைக்கு இளைஞர் காங்கிரஸ் புத்தகசாலையிலே நாட்கணக்காய்த் தேட வேண்டியிருந்தது.

அவர் கடிந்து பேசுபவரல்லர், புகழ்ந்து பேசுபவருமல்லர். பிற்காலத்தில் நாட்டின் வெளிநாட்டு மந்திரியாய் விளங்கிய டீன் ஆச்சிஸன் அவரிடம் இருந்தபோது, ஓர் அடிக்குறிப்பிலே பொருந்தாத வழக்குகள் இரண்டைத் தவறாகச் சேர்த்து விட்டார். பிராண்டைஸ் குரலுயர்த்தவில்லை. தம் பிழையைத் திருத்துவதற்கே அவர் அங்கு இருக்கிறாரென்றும், புதுப் பிழைகளைச் சேர்ப்பதற்கன்றென்றும் மெல்ல நினைவூட்டினார். அச்சொல் ஆச்சிஸன் மனத்தில் ஆணியடித்தாற் போல நின்றது. பிற்காலத்து மாணாக்கர்க்கு அவர் வீட்டின் மேன்மாடத்திலேயே வேலை செய்யும் அறை இருந்தது. இரவெல்லாம் விழித்து வேலை முடித்த ஒருவர், விடியுமுன் தம் தாள்களை ஆசானுடைய கதவின் கீழே நுழைத்தபோது, அப்பக்கத்தினின்று ஒரு கை அவற்றை இழுத்துக் கொண்டதாகக் கூறுவர். மாணவன் உறங்கச் செல்லும் வேளையில் எழுபது வயது கடந்த ஆசான் விழித்தெழுந்து வேலைக்கு அமர்ந்திருந்தார் என்பதே இதன் கருத்து. இவ்வாழ்க்கையைக் குளிர்ந்ததென்றும் தனிமை மிக்கதென்றும் எண்ணியவரும் அவர்களுள் இருந்தனர்.

ஓராண்டு முடிந்ததும் மாணாக்கர் எங்கே செல்ல வேண்டும் என்பதில் பிராண்டைஸ் உறுதியான எண்ணம் கொண்டிருந்தார். நியூயார்க் நகரத்துப் பெரிய ஸ்தாபனங்களில் பொருள் குவிப்பது அவருக்கு உகந்ததன்று. ஒன்று, சட்டக் கலாசாலையில் ஆசிரியராக வேண்டும். அன்றேல், சொந்த மாகாணத்துக்குத் திரும்பி அங்குள்ள ஜனங்களுக்கு உழைக்க வேண்டும். பெரிய ஊர்களில் அறிவாளிகள் குவிந்து, சிற்றூர்கள் வறண்டு கிடப்பது குடியரசுக்கு நலமன்றென்பது அவர் கொள்கை. பலர் இவ்வெண்ணத்தை நிறைவேற்றினர். லாண்டிஸ் 1937-இல் ஹார்வர்ட் சட்டக் கலாசாலையின் தலைவரானார். பால் பிராயண்ட் அங்கே நெடுங்காலம் பேராசிரியராயிருந்தார். வில்லர்ட் ஹர்ஸ்ட் விஸ்கான்ஸின் ஸர்வகலாசாலைக்குச் சென்று அமெரிக்கச் சட்ட சரித்திரம் என்னும் துறையையே வளர்த்தார். எல்லாரும் அவ்வழியிற் செல்லவில்லை. ஹென்றி பிரெண்ட்லி நியூயார்க்கில் வக்கீல் தொழிலை மேற்கொண்டு, 1959-இல் மேல் முறையீட்டு நியாயஸ்தலத்தில் அமர்ந்து பெரும்புகழ் பெற்றார். டேவிட் ரீஸ்மன் சட்டத்தை விடுத்துச் சமூக சாஸ்திர நிபுணரானார்.

மூடியிருந்த கதவு

ஒருவருடைய சரித்திரத்தை எழுதுவோர் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைப்பது நேர்மையாகாது. பிராண்டைஸிடம் பயின்றவர் அனைவரும் ஒரே கலாசாலையைச் சேர்ந்தவர், அனைவரும் ஆண்கள், அனைவரும் வெள்ளையர். ஹார்வர்ட் சட்டக் கலாசாலை 1950 வரையில் பெண்களைச் சேர்க்கவேயில்லை. தகுதி ஒன்றே அளவுகோலென்று கூறப்பட்டது. ஆனால் ஒரு நண்பரின் கடிதமே வாயிலாயிருந்தது. அந்நண்பரின் கண்ணிற் படாதவனுக்கு, எவ்வளவு அறிவிருந்தும், அவ்வாயில் இல்லை. தாமே புறக்கணிப்பின் கசப்பைச் சுவைத்த பிராண்டைஸ் இதனைப் பற்றிக் குரல் எழுப்பியவராகக் காணவில்லை.

அவர் விலகிய பின்னரே கதவு சிறிது திறந்தது. 1939-இல் அவருடைய ஆசனத்தில் அமர்ந்த வில்லியம் டக்ளஸ், 1944-இல் லூஸில் லோமன் என்னும் பெண்மணியை அமர்த்திக் கொண்டார். உச்ச நியாயஸ்தலத்தில் இப்பயிற்சி பெற்ற முதற்பெண் அவரே. 1939-இலேயே நியாயாதிபதியாய் அங்கு வந்திருந்த பிராங்பர்ட்டர், 1948-இல் வில்லியம் கோல்மன் என்னும் கறுப்பு இனத்து இளைஞரை ஏற்றுக்கொண்டார்; அவ்வினத்தாருள் முதல்வர் அவர். ஆனால் அதே பிராங்பர்ட்டர், 1960-இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்னும் பெண் பரிந்துரைக்கப்பட்டபோது ஏற்க மறுத்தார். அப்பெண்மணி 1993-இல் அந்நியாயபீடத்திலேயே ஏறி அமர்ந்தார். ஓராண்டு இடம் மறுக்கப்பட்டவருள் எத்தனை பேர் இவ்வாறு மீண்டெழ வல்லவர்?

இறுதி நாட்கள்

1935-இல் உச்ச நியாயஸ்தலத்துக்கென்று சலவைக்கல் மாளிகை எழுந்தபோதும் பிராண்டைஸ் அங்கே தமக்குரிய அறைக்குச் செல்லாமல் வீட்டிலேயே வேலை செய்து வந்தார். 1939-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், எண்பத்திரண்டாம் வயதில் பதவியினின்று ஓய்வு பெற்றார். 1941-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி வாஷிங்டன் நகரத்தில் உயிர் நீத்தார். அவருடைய சாம்பல் லூயிவில் ஸர்வகலாசாலையின் சட்டக் கலாசாலை முகப்பின் கீழே அடக்கம் செய்யப்பட்டது. தம் வாழ்நாளிலேயே அக்கலாசாலைக்கு நூல்களும் ஏடுகளும் பொருளும் அளித்து அதனை வளர்த்தவர் அவர். மாணாக்கரைச் சொந்த ஊருக்குத் திரும்புமாறு ஏவியவர் தாமும் முடிவில் தம் ஊருக்கே திரும்பினார். 1997 முதல் அக்கலாசாலை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இன்று உச்ச நியாயஸ்தலத்தின் ஒவ்வொரு நியாயாதிபதியிடமும் நான்கு இளைஞர் வரையில் ஓராண்டு பயில்கின்றனர். அவ்வாண்டு முடிந்ததும் பெரிய வக்கீல் ஸ்தாபனங்கள் போட்டியிட்டுப் பெருந்தொகை அளித்து அவர்களை இழுத்துக் கொள்கின்றன. மற்றொரு பக்கத்தில், கலாசாலைகளும் சில வக்கீல் ஸ்தாபனங்களும் கூடி, வக்கீலுக்குக் கூலி கொடுக்க இயலாத மக்களுக்கு உதவுமாறு புதிய பட்டதாரிகளைச் சில காலம் அமர்த்திப் பழக்கவும் முயல்கின்றன. ஒரே வித்தினின்று முளைத்த இவ்விரு கிளைகளுள் எது பிராண்டைஸின் உள்ளத்துக்கு உவப்பானதென்று கூறவும் வேண்டுமோ?

நம் கலாசாலையினின்று ஆண்டுதோறும் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவருட் சிலர் சட்டத்தையும், சிலர் மருத்துவத்தையும், சிலர் ஆசிரியத் தொழிலையும் நாடுவர். எத்தொழிலுக்கும் முதலாண்டு என்பதொன்று உண்டு. அவ்வாண்டில் யாரிடம் சேர்வது என்பதைச் சம்பளத்தின் அளவைக் கொண்டு தீர்மானியாமல், கற்பிக்கும் மனமுடையவர் யார் என்பதைக் கொண்டு தீர்மானிப்பது நலம். அவ்வாறு கற்றது கற்றவனுக்கே உரிய பொருளன்று. கைமாற்றாய்ப் பெற்ற கடனேயாகும். கிரேயிடம் வாங்கிய கடனை ஏறத்தாழ இருபது இளைஞருக்குத் திருப்பிக் கொடுத்தவர் பிராண்டைஸ். அவர் விட்ட குறையை நீக்கி, வாயிலை இன்னும் அகலத் திறந்து, அக்கடனை அடுத்து வருவோர்க்குச் செலுத்துவது முதியவராகவும் இளையவராகவும் உள்ள நம்மனைவர் கடமையாகும்.